டியா எறிந்த கல்

முதுகலை மாணவிகளுக்கான ஒப்பிலக்கிய வகுப்பில் ஜீன் ரைஸின் ‘வைட் சர்காசோ ஸீ’ நாவலைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கதை முடிந்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். பிறகு யாராவது ஒருத்தி பெர்த்தாவுக்காகக் கோபப்படுவாள். அன்றைய பாடம் நன்றாக நடந்தது என்று நானும் திருப்தியோடு வெளியே வருவேன். போன ஆண்டு ஒரு மாணவி வேறொன்றைக் கேட்டாள்: “அந்த டியா ஏன்ம்மா கல்ல எறிஞ்சா?” நான் ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’ நாவலில் பெர்த்தா மேசன் சில பக்கங்களே வருகிறாள். ராச்செஸ்டர் ஜமைக்காவில் மணந்து, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, மாடி அறையில் பூட்டிவைத்த முதல் மனைவி. அவள் சிரிக்கிறாள், உறுமுகிறாள், கடிக்கிறாள், தீ வைக்கிறாள். ஆனால் தன் கதையை ஒருமுறையும் சொல்வதில்லை. அவள் யார் என்பதைக் கணவன்தான் சொல்கிறான். கடைசியில் எரியும் வீட்டின் கூரையிலிருந்து குதித்து இறக்கிறாள். அந்தச் சாவுக்குப் பிறகே ஜேனின் திருமணம் கைகூடுகிறது. ஜேனோடு சேர்ந்து வளர்ந்த வாசகிகள் பலர், நானும்தான், அந்தச் சாவைக் கடந்து ஜேனின் மகிழ்ச்சிக்குள் போய்விட்டோம்.

ரைஸ் அப்படிப் போகவில்லை. கரீபியத் தீவான டொமினிக்காவில் 1890இல் பிறந்த வெள்ளைக் கிரியோல் பெண் அவர். இங்கிலாந்தில் அந்நியராகவும் தீவில் முதலாளி வம்சமாகவும் பார்க்கப்பட்டவர். 1966இல், எழுபதுகளில் இருந்தபோது, பெர்த்தாவுக்கு அன்டோனெட் என்ற பெயரையும் ஒரு குழந்தைப்பருவத்தையும் கொடுத்து இந்த நாவலை வெளியிட்டார். பெர்த்தா என்பது கணவன் சூட்டிய பெயராகிறது. அவனுக்கோ நாவல் முழுவதும் பெயரே இல்லை. பெயர் பறிபோவது பற்றி வகுப்பில் ஒரு மணிநேரம் பேசலாம். பேசியிருக்கிறேன்.

டியா இந்த நாவலின் முதல் பகுதியில் வருகிறாள். அன்டோனெட்டின் ஒரே தோழி, கறுப்பினச் சிறுமி. இருவரும் ஒரே குளத்தில் குளிக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருநாள் சில சில்லறைக் காசுகளுக்காகச் சண்டை வருகிறது. அன்டோனெட் அவளை இனத்தைச் சொல்லித் திட்டுகிறாள். பிறகு ஒரு இரவு விடுதலை பெற்ற மக்கள் திரண்டுவந்து அன்டோனெட்டின் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். இனி டியாவோடேயே இருந்துவிடலாம் என்று அன்டோனெட் அவளை நோக்கி ஓடுகிறாள். டியா கல்லை எறிகிறாள். இவள் முகத்தில் இரத்தம், அவள் முகத்தில் கண்ணீர். கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல் அன்டோனெட்டுக்குத் தோன்றுகிறது.

இந்தக் காட்சியை வாசித்து நான் அழுதிருக்கிறேன். மாணவியின் கேள்விக்குப் பிறகுதான் அந்தக் கண்ணாடியை யோசித்தேன். கண்ணாடியில் தெரிவது எப்போதும் பார்ப்பவளின் முகம். டியாவின் கண்ணீரும் அன்டோனெட்டின் துயரத்தைப் பெருக்கத்தான் அங்கே இருக்கிறது. நாவலின் இறுதிக் கனவிலும் குளத்தருகே நின்று அழைப்பவள் டியாதான். அன்டோனெட் குதிப்பதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

டியாவின் பக்கம் என்ன இருந்திருக்கும்? பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி 1834 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுக்க உடைமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பெரும்பாலோர் பயிற்சியாளர்கள் என்ற பெயரில் 1838வரை பழைய முதலாளிகளிடமே உழைக்க வேண்டியிருந்தது. நாவல் தொடங்கும்போது அன்டோனெட்டின் குடும்பமும் அந்த இழப்பீட்டுக்காகத்தான் காத்திருக்கிறது. குளக்கரையில் சில காசுகளுக்காக நடந்த சண்டைக்குப் பின்னால் இந்தக் கணக்கு கிடக்கிறது. ஆனால் கதைசொல்லி அதைத் தோழமை முறிந்த வலியாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறாள்.

காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த நாவலின் இன்னொரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். கிறிஸ்டோஃபீன்: அன்டோனெட்டின் தாய்க்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். கணவனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பவள் அவள்தான். அன்டோனெட்டின் பணத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசுகிறாள். அவன் போலீஸைச் சொல்லி மிரட்டுகிறான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்து கதையைவிட்டே வெளியேறிவிடுகிறாள். ஒரு வெள்ளைக் கிரியோல் பெண்ணுக்காக ஆங்கிலச் செவ்வியல் நாவலைத் திருத்தி எழுதும் படைப்பில் கிறிஸ்டோஃபீன் ஓரத்தில்தான் நிற்க முடியும் என்பது ஸ்பிவாக்கின் வாதம். ஒரு பெண்ணை விளிம்பிலிருந்து மீட்கும் கதை தனக்கென்று ஒரு விளிம்பை உண்டாக்கிக்கொள்கிறது.

இந்த வாதத்தை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. எனக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் நினைத்ததில்லை.

என் முதல் தொகுப்பில் ஒரு கவிதை இருக்கிறது. பாட்டி வீட்டில் வாசல் பெருக்கிய பெண் ‘நான்’ என்று பேசும் கவிதை. திண்ணைக்கு மேல் ஏறாத கால்களைப் பற்றி, கைபடாமல் ஊற்றப்பட்ட தண்ணீரைப் பற்றி அவள் அதில் பேசுவாள். கூட்டங்களில் வாசித்தால் சிலர் கண் கலங்குவார்கள். ஒருமுறை கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து நின்றார். அந்த அம்மாவின் மகள். சிறுவயதில் அந்த வாசலில் பார்த்த முகம். “நல்லா இருந்துச்சுக்கா” என்றார். பிறகு, “ஆனா எங்கம்மா திண்ணையப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. உங்க பாட்டி குடுக்காம விட்ட மூணு மாசக் கூலியப் பத்தித்தான் சாகுறவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க” என்றார்.

மூன்று மாதக் கூலி என் கவிதையில் இல்லை. அது எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்துகொள்ள நான் எதுவும் செய்யவில்லை என்பதும் உண்மை. திண்ணை அவமானம் பொய் என்று அந்த மகள் சொல்லவில்லை, அது நடந்ததுதான். என் கவிதையில் அந்தப் பெண்ணின் வலி முழுவதும் எங்கள் வீட்டைப் பார்த்தபடி, எங்கள் வாசல் திறக்காதா என்று ஏங்கியபடி இருந்தது. நான் எழுதியது என் குற்றவுணர்வு. அதற்கு அவர் குரலை இரவல் வாங்கியிருந்தேன், கேட்காமலே.

அப்படியானால் பிறருக்காக எழுதவே கூடாதா? அந்த முடிவும் எனக்கு வசதியான முடிவுதான். எழுதாமல் இருந்தால் யாரும் வந்து கணக்குக் கேட்கப்போவதில்லை. ரைஸ் எழுதாமல் விட்டிருந்தால் பெர்த்தா மாடியிலேயே இருந்திருப்பாள். டியா ஏன் கல்லெறிந்தாள் என்று கேட்க ஒரு டியாவே இருந்திருக்கமாட்டாள். ரைஸ் டியாவின் மனதுக்குள் நுழையவில்லை. அதை வெள்ளைக் கிரியோல் எழுத்தாளரின் பார்வையின்மை என்று சொல்லலாம். தனக்குத் தெரியாத இடத்தில் நின்றுவிட்ட நேர்மை என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்தக் கல்லை அவர் எடுத்து ஒளித்துவைக்கவில்லை.

‘குரல் கொடுப்பது’ என்ற சொல்லை நான் இப்போது வகுப்பில் தயங்கித்தான் பயன்படுத்துகிறேன். குரல் அவர்களிடம் இருந்தது. கூலியைக் கேட்டுக்கொண்டிருந்தது. எனவே ஒரு துணைப்பாத்திரத்தின் வாயில் ‘நான்’ என்ற சொல்லை வைக்கும் முன்பு இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். இவள் வலி ஏன் என்னைப் பார்த்தே திரும்பியிருக்கிறது? இவளுக்கு நானோ என் வீட்டாரோ ஏதாவது பாக்கி வைத்திருக்கிறோமா?

கவிதையை அடுத்த பதிப்பில் சேர்க்கவில்லை. அந்த மகளிடம் கூலியைப் பற்றிக் கேட்டபோது, “அதக் கேக்க வரலக்கா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. பணத்தை அவரிடம் எந்த வார்த்தை சொல்லிக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

கேள்வி கேட்ட மாணவி பருவ இறுதியில் டியாவைப் பற்றி இரண்டு பக்கக் கதை எழுதித் தந்தாள். தீ எரிந்ததற்கு மறுநாள் காலை, டியா தன் அம்மாவோடு வேலை தேடி நடக்கிறாள். வழியெல்லாம் எந்தத் தோட்டத்தில் என்ன கூலி என்ற பேச்சு. வாசித்துவிட்டு, “அன்டோனெட் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“அவ இவங்க பேச்சுலயே வரலம்மா” என்றாள்.