மறந்தவரை மறவாமை



புதுக்கோட்டையில் ஆசிரியைப் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் மாணவியரைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். அறிவர் கோயில் விதானத்தில் தீட்டிய தாமரைத் தடாகத்தைக் கண்டதும் பிள்ளைகள் குதூகலிப்பார்கள். அதன்பின் மூச்சு வாங்க ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவோம். அங்கே பாறையில் செதுக்கி மெருகிட்ட 17 படுக்கைகள், கல்லிலேயே தலையணையுடன் இருக்கின்றன. ஒரு படுக்கையின் ஓரத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ் எழுத்து. எருமிநாட்டுக் குமிழூரிற் பிறந்த ஒருவருக்குச் சிறுபொசில் இளையர் செய்தளித்த இருக்கை என்பது அதன் பொருள். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். படுத்திருந்தவர் அயல்நாட்டார், கல்லைச் செதுக்குவித்தவர் வேறொருவர். இதனை ஆண்டுதோறும் பாடமாகச் சொன்னேனே தவிர, பிறருக்கு ஓர் இருப்பிடம் அமைத்துத் தருவதென்றால் என்ன என்று நின்று எண்ணியதில்லை. எழுபது வயதுக்கு மேல், என் அக்காளுக்கு ஓர் இருப்பிடம் தேடி அலைந்த நாள்களில்தான் எண்ணினேன்.

இதனை எழுதக் காரணம் உண்டு. வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊர் ஜினாலயத்தில் நந்தீசுவர பூசை முடிந்தபின், ஒரு சகோதரி என்னைத் தூணருகே அழைத்துச் சென்று தணிந்த குரலில் கேட்டார். அவருடைய மாமியார் பெற்ற மகனையே யார் என்கிறாராம். இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடுகிறாராம். “இல்லத்தில் சேர்த்தால் பாவமா அம்மா?” என்றார். அக்கம்பக்கத்தில் எவர் காதிலும் விழாதபடி அவர் கேட்ட விதமே என்னை வருத்தியது. அன்று அவருக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

பிணியாளர்க்குப் பணிசெய்தலை வையாவிருத்தியம் என்று ஆறு அகத்தவங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர்கள். அது துறவியர்க்கன்றோ என்பீர்கள். சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தார்க்கு வகுத்த இரத்தினகரண்டகத்தில், சிக்ஷாவிரதம் நான்கனுள் ஒன்றாக அதனையே வைத்தார். உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என அதனை நால்வகையாகவும் பகுத்தார். முதற்கண் அது தவத்தோர்க்கு உரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முனிவர்க்குச் செய்யக் கற்ற கை, பெற்றவளுக்குச் செய்ய மறுக்குமாயின் அக்கல்வி எதற்கு? நான்காவதாக நிற்கும் உறையுளைக் கவனியுங்கள். தன் வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. சிறுபொசில் இளையர் தம் வீட்டுத் திண்ணையைத் தரவில்லை. தங்குவோர்க்கு ஏற்ற இடத்தை ஏற்றவாறு அமைத்துத் தந்தார். நம் மாவட்டத்துத் தேனிமலைக் கல்வெட்டில், மலையத்துவசர் தவம் செய்வது கண்டு இருக்குவேள் பள்ளிச்சந்தமாக நிலம் கொடுத்த செய்தி உள்ளது. ஒருமுறை வணங்கிவிட்டுப் போய்விடாமல், நாளைய உணவுக்கும் வழி செய்தான் அவன். ஆகவே இல்லத்தில் சேர்ப்பது தன்னளவில் பாவமாகாது. சேர்த்தபின் அவ்விரதம் நம்மைவிட்டு நீங்கிவிடுவதும் இல்லை.

இந்நோயைப் பற்றிச் சில சொற்கள். டிமென்ஷியா என்னும் மறதிநோய், முதுமையில் எல்லோர்க்கும் வரும் சாதாரண மறதியன்று. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமை. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமற் போவது நோய். நம் நாட்டில் அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இதனால் துன்புறுவதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. சிலருக்குச் சிறிது காலம் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் மறதியெல்லாம் இந்நோயென்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. தைராய்டு குறைந்தாலும், மனச்சோர்வு மிகுந்தாலும், பி12 என்னும் வைட்டமின் குறைந்தாலும் இதே போன்ற தடுமாற்றம் வரும். புலால், முட்டை நீக்கிய நம்மவர்க்குப் பி12 பெரும்பாலும் பாலிலிருந்துதான் கிடைக்க வேண்டும். பாலையும் குறைத்துக்கொண்ட முதியவர்கள் நம் வீடுகளில் பலர். இரத்தப் பரிசோதனை ஒன்றினால் தெரிந்துவிடும் குறையைக் கவனியாது, ஒருவரை மனநிலை தவறியவர் என்று மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். ஒரே நாளில் பேச்சு தாறுமாறானால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் அக்காளுக்கு இருமுறை அதுவே காரணமாயிருந்தது.

“எல்லாம் வினைப்பயன்” என்று சொல்லிக் கடந்துவிடுவோரும் நம்மிடையே உண்டு. நினைவு என்பது மதிஞானத்தின் ஒரு வகை. ஞானாவரணீயம் அதனை மறைக்கிறது. இது சித்தாந்தம், இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறைக்கிறது என்றுதானே சொல்லப்பட்டது? அழிக்கிறது என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லையே! அறிவே உயிரின் இலக்கணம். பெயர் மறந்தவரிடத்திலும் உயிர் தன் இலக்கணத்தோடுதான் இருக்கிறது. “அவளுக்கு ஒன்றும் தெரியாது” என்று அவர் எதிரிலேயே பேசுவது நாகரிகக் குறைவு மட்டுமன்று, சித்தாந்தப் பிழையும் ஆகும். வினைக்கொள்கை நம் வினையை நாம் ஆராய்வதற்கு உரியது. அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லிக் கைகழுவுவதற்கு அன்று.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காள் பதினைந்து வயது முதல் இரவுண்ணா நோன்பு காத்தவர். மைத்துனர் மறைந்தபின் என்னுடன் வந்து தங்கினார். நோய் முற்றியபோது, மாலையில் உண்டதை மறந்து இரவு எட்டு மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். “அக்கா, பொழுது சாய்ந்துவிட்டது, உங்கள் நோன்பு” என்பேன். முதலில் அடங்கினார். பிறகு அழுதார். “இந்த வீட்டில் என்னைப் பட்டினி போடுறாங்க” என்று தெருவாசலில் நின்று சொன்னார். அவருடைய விரதத்தைக் காப்பதாக எண்ணி ஏறத்தாழ ஒரு மாதம் உறுதியாக இருந்தேன். எடை குறைந்துவிட்டதை மருத்துவர் காட்டிய பின்னரே கண் திறந்தேன். விரதம் அறிந்து ஏற்பது, அறிந்து காப்பது. இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்தும் மனத்தின் சோர்வையும் கவனமின்மையையும் அன்றோ முன்வைத்தனர்? அறியாது உணவு கேட்பவரிடம் விரதபங்கம் எங்கே இருக்கிறது? பசித்தவரை அழவைத்த என்னிடத்தில்தான் குற்றம் இருந்தது. அதன்பின் மாலையுணவைச் சூரியன் மறையச் சற்று முன்னதாக, வயிறு நிறையும்படி கொடுத்தேன். இரவில் கேட்டால் கஞ்சி கொடுத்தேன். என் நோன்பை நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று. உணவை மறுக்கும் மறதிநோயாளரைக் காட்டி, “சல்லேகனை என்று விட்டுவிடலாமே” என்று ஒருவர் கூறக் கேட்டேன், திடுக்கிட்டேன். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. அவர் அறிவோடு ஏற்றார். பகையும் பற்றும் விட்டு, மன்னிப்புக் கேட்டு, மன்னித்து ஏற்கும் நோன்பு அது. 2015 ஆகஸ்டு மாதத்தில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பிட்டபோதும், அம்மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தபோதும், தெளிந்த அறிவோடு ஏற்பது என்பதே நம் சமூகத்தார் எடுத்துரைத்த வாதம். நாட்டுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாகப் பேசலாகாது. அறிவு மறைந்தவர் சார்பில் வேறொருவர் சல்லேகனை ஏற்க முடியாது. அவர் ஏன் உண்ண மறுக்கிறார், பல் வலியா, விழுங்க முடியவில்லையா, மலச்சிக்கலா என்று பார்ப்பதே நம் கடமை.

குளியலறையில் அக்காளைத் தாங்கப்போய் நானும் சேர்ந்து விழுந்து, மணிக்கட்டு முறிந்தபின் வேறு வழியில்லாமற் போயிற்று. இல்லம் தேடத் தொடங்கினேன். முதியோர் இல்லங்கள் பலவற்றில், தம் வேலையைத் தாமே செய்துகொள்பவரை மட்டுமே சேர்க்கிறார்கள். மறதிநோய் என்றதும் கைவிரித்துவிடுவார்கள். மறதிநோயாளர்க்கென்று பயிற்சி பெற்ற பணியாளர் உள்ள இடங்கள் குறைவு. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கமும், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் இத்துறையில் நெடுநாளாகப் பணியாற்றி வருகின்றன. மூத்தோருக்கான 14567 என்னும் உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

நான் முதலில் பார்த்த இல்லம் பளிங்குத் தரையும் பூந்தொட்டியுமாக இருந்தது. மேலாளர் இனிக்க இனிக்கப் பேசினார். திரும்பும் வழியில் கழிவறை தேடித் தவறான பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே ஓர் அம்மாள் நாற்காலியோடு சேலைத் துணியால் கட்டப்பட்டிருந்தார். “விழுந்துடுவாங்க, அதான்” என்றாள் பணிப்பெண். அவளைக் குறை கூறேன். முப்பது பேருக்கு அவள் ஒருத்தி.

இரண்டாவது இல்லத்துக்கு யாருக்கும் சொல்லாமல் மாலை ஆறு மணிக்குச் சென்றேன். மறதிநோயாளரின் தடுமாற்றம் மிகும் வேளை அது. இல்லத்தின் உண்மை நிறமும் அப்போதுதான் தெரியும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஒரு முதியவர் உடையிலேயே கழித்துவிட்டார். பணியாளர் ஒருவர் முகஞ்சுளிக்காமல், “வாங்கய்யா, வேட்டி மாத்திக்கலாம்” என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். எனக்கு உத்தாயன மன்னன் கதை நினைவுக்கு வந்தது. நோயுற்ற முனிவர் வடிவில் சோதிக்க வந்த தேவன் உண்டதையெல்லாம் வாந்தி எடுத்தபோது, அருவருப்புக் கொள்ளாமல் கழுவிவிட்டு, தான் இட்ட உணவில்தான் பிழையோ என்று வருந்தியவன் அவன். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகித்சைக்கு அருங்கலச்செப்பு அவனையே உதாரணமாகக் காட்டும். அந்தப் பணியாளர் நம் சமயத்தவர் அல்லர். அருங்கலச்செப்பை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்.

இரவில் எத்தனை பணியாளர் விழித்திருக்கிறார்கள், தூக்க மாத்திரை கொடுத்தால் யார் எழுதிக்கொடுத்தது, கட்டிவைப்பதுண்டா, நோய் முற்றினால் அனுப்பிவிடுவார்களா, எந்நேரமும் சென்று பார்க்கலாமா என்று கேளுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள். கிழங்கு நீக்கிய உணவு, வடிகட்டிய நீர், பொழுதோடு உணவு என்னும் நம் ஒழுக்கங்களை எழுதியே கொடுத்துவிடலாம்; நாமே அவற்றைக் கேளாவிட்டால் வேறு யார் கேட்பார்? ஆனால் அவை எல்லாம் அமைந்து அன்பு இல்லாத இடத்தைவிட, சில குறைந்தாலும் பொறுமையுள்ள இடமே மேல் என்பது என் துணிபு. இதில் மாறுபடுவோர் இருக்கலாம்.

சேர்ப்பதற்கு முன் வீட்டைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் மக்களைப் பற்றியும் ஒரு சொல். என்ன எழுதுகிறோம் என்று அறியாதவரின் கைநாட்டைப் பெறுவது அசௌரிய அணுவிரதத்துக்கு நேர் மாறானது. பேணுவதாக ஏற்றுச் சொத்தைப் பெற்றபின் கைவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பத்திரத்தையே கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாததாக்க முடியும். சட்டம் வருவதற்கு முன்பே நம் ஆகமம் இருந்தது என்பதுதான் எனக்கு வெட்கம்.

அக்காள் இப்போது அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்த இல்லத்தில்தான் இருக்கிறார். மாலையில் “கோயிலுக்கு நேரமாச்சு” என்று எழுந்துவிடுவார். அவர்கள் தடுப்பதில்லை, முற்றத்தை மூன்றுமுறை வலம்வரச் செய்து அமர்த்துகிறார்கள். ஐந்தரைக்குள் உணவு முடிந்துவிடுகிறது. நான் ஞாயிறுதோறும் திருச்சிப் பேருந்தில் செல்கிறேன். சென்ற வாரம் பஞ்ச மந்திரத்தை ஒரு சொல்லும் வழுவாமல் சொன்னார். நான் யார் என்பது தெரியவில்லை.

“உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்றார்.

“புதுக்கோட்டை.”

“அங்கே என் தங்கச்சி டீச்சரா இருக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பொழுது போயிடும், சாப்பிடாமலே படுத்துடுவா. பார்த்தா, பொழுதோட சாப்பிடச் சொல்லுங்க.”

சொல்வதாகக் கூறிவிட்டு, நாலரைப் பேருந்தைப் பிடித்தேன்.