யார் படிக்காதவர்?

மாசி மகத்தன்று மாமல்லபுரம் சென்றோம். பல்லவர் கல்லைக் காணவன்று, கடற்கரையில் கூடாரமிட்டுக் கன்னியம்மனைக் கும்பிடும் இருளர் மக்களைக் காண. "பகுத்தறிவு பேசும் உமக்கு அங்கென்ன வேலை?" என்று நகைத்தார் நண்பர்.

வேலை இருக்கிறது, தோழர்களே! படித்த நாம் புற்றுக்குப் பால் வார்க்கிறோம், விழுந்து வணங்குகிறோம். இருளரோ புழுதியில் பதிந்த தடத்தை உற்று நோக்கி, உள்ளே கிடப்பது எப்பாம்பு என்று ஆய்ந்துரைக்கிறார். பகுத்தறிவு எப்பக்கம்?

பாம்புத்தோல் வாணிபம் சட்டத்தால் நின்றது, பிழைப்பு போயிற்று. 1978இல் அவர்தம் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துவிட்டு, பாம்பைக் கொல்லாமல் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து முறிமருந்து ஆக்கப்படுகிறது. 2023இல் செங்கற்பட்டு மாவட்டத்து இருளர் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. மகிழ்ந்தோம்.

ஆனால் அதே இனத்தவர்தாமே முன்பணத்துக்காக அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் கொத்தடிமையாய்க் கிடந்தனர்? குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா கேட்டும், பிள்ளை படிக்கச் சாதிச் சான்று கேட்டும் அலுவலக வாயிலில் நிற்போரும் அவர்தாமே? அம்மருந்தால் உயிர் பிழைத்த சீமானுக்கு இதில் கடனில்லையா? கருணை வேண்டா, கடனைத்தான் கேட்கிறோம்.

கன்னியம்மன் குறித்தும் அவர்களோடு வாதிடுவோம், ஐயமில்லை. நண்பரே, அதற்குமுன் உம் வீட்டுக் கொல்லைப் புற்றில் மஞ்சள் பூசியவர் யார்?