விளம்பரப் படமும் எட்டாம் கற்பனையும்



நாகரிக உடை விளம்பரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது ஆறாம் கற்பனைதான். கழுத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, கை எவ்வளவு குட்டை என்று பார்ப்போம். பிறகு வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லுவோம். அது வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதோடு விஷயம் முடிந்ததென்று இருந்துவிடுகிறோமே, அதுதான் சரியில்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய பட்டுப்புடவை விளம்பரமும் பாவத்துக்கு இடமாகலாம். எட்டாம் கற்பனையை அது மீறக்கூடும். பொய்ச் சாட்சி சொல்லக்கூடும்.

யாரைப்பற்றி? சர்வேசுரன் தமது சாயலாக உண்டாக்கிய மனுஷியைப் பற்றி. படம் எடுத்தபின் கம்ப்யூட்டரில் இடுப்பைக் குறைக்கிறார்கள், காலை நீட்டுகிறார்கள், தழும்பையும் மடிப்பையும் துடைத்துவிடுகிறார்கள், நிறத்தை வெளுக்கிறார்கள். கடைசியில் நிற்கும் உருவம் எந்தத் தாய் வயிற்றிலும் பிறந்ததல்ல. படத்துக்கு நின்ற பெண்ணுக்கே அந்தச் சரீரம் கிடையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பதினான்கு வயதுப் பிள்ளை கண்ணாடி முன் நின்று தன்னில் குறை தேடுகிறாள். அவள் தேடினால்தான் வியாபாரம் நடக்கும்; இருப்பது போதுமென்றிருப்பவள் கடைக்கு வரமாட்டாள் அல்லவா?

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணவேண்டாம். நாகரிக உடைக்குப் பேர்போன பிரான்சு தேசத்திலேயே, 2017 அக்டோபர் 1 முதல், பெண்ணின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘இது திருத்திய படம்’ என்று அச்சிட்டாக வேண்டும். தவறினால் 37,500 யூரோ அபராதம். இஸ்ரயேல் தேசம் இத்தகைய சட்டத்தை 2012-லேயே செய்தது. உயிர்களும் போயின. 2006 ஆகஸ்டில் உருகுவே தேசத்தில் உடை அலங்கார மேடையிலிருந்து இறங்கிய 22 வயதுப் பெண் விழுந்து மாண்டாள். நவம்பரில் பிரேசில் தேசத்தில் அதே தொழிலிலிருந்த இன்னொருத்தி, வயது 21, இறக்கும்போது எடை சுமார் 40 கிலோ. இடையில் செப்டம்பரில் மத்ரித் நகரம் அளவுமீறி மெலிந்தவர்களை மேடையேற்ற மறுத்தது. மற்ற நகரங்களில் பல அதைக் கேட்டு முணுமுணுத்தன.

திருச்சபை அழகுக்குப் பகையென்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957 நவம்பர் 8-ல் உயர்தர உடைத் தொழிலில் இருந்தவர்களைக் கண்டு பேசியபோது, உடைக்கு மூன்று பிரயோசனங்கள் சொன்னார்: ஆரோக்கியம், அடக்கம், அலங்காரம். மூன்றாவதை அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். 1997-ல் விளம்பரங்களைப்பற்றி ரோமாபுரியிலிருந்து வெளிவந்த ஏடோ உண்மையை முதலில் வைத்தது. மனித மேன்மை அதற்கு அடுத்து வந்தது. அந்த வரிசையில் அர்த்தம் உண்டு. பொய் புகுந்த இடத்தில் மேன்மை எங்கே தங்கும்?

நமதாண்டவர் மலைப்பிரசங்கத்தில் இச்சையோடு பார்க்கிற கண்ணைத்தான் கண்டித்தார், பார்க்கப்பட்டவளை அல்ல. நாமோ படம் செய்தவனை விட்டுவிட்டு, அதைப் பார்த்து ஏமாந்த பிள்ளையை அதட்டுகிறோம். இது நியாயமா?

நம் தேசத்தில் இந்தப் பொய் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியது. 1975-ல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பின் விளம்பரங்கள், கறுத்த பெண்ணுக்கு உத்தியோகமும் வரனும் தட்டிப்போவதையும், வெளுத்தபின் இரண்டும் தேடி வருவதையும் பல வருஷங்கள் காட்டின. 2020-ல் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதே. ஆனால் அந்த விளம்பரம் நம் வாசலில் வந்துதானா நிறத்தைக் கற்றுக்கொடுத்தது? பிறந்த குழந்தையைப் பார்க்கப்போன வீட்டில் முதல் கேள்வி என்ன கேட்கிறோம்? வியாபாரி நம்மிடமே கேட்டறிந்து நமக்கே விற்றான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஸ்டூடியோவில் அவளைப் படம் எடுத்தபின், “கொஞ்சம் நிறம் ஏற்றிக் கொடுங்கள் தம்பி” என்று சொல்லுகிறீர்களே, அப்போது அவள் பக்கத்தில்தானே நிற்கிறாள்? காதில் விழாதா? மேலே சொன்ன வியாபாரிக்கும் உங்களுக்கும் அந்த நிமிஷத்தில் என்ன வித்தியாசம்? மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொய். அதைவிட, சர்வேசுரன் கொடுத்த முகம் போதாதென்று சொந்தப் பிள்ளைக்கே சொல்லும் பொய். ஞானஸ்நானத்தில் அவளை இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயமாக ஒப்புக்கொடுத்தவர்கள் நீங்கள்தான். தை மாதத்தில் வரன் பேச இப்போதே படம் எடுக்கிறவர்கள், அவள் முகத்தை உள்ளபடியே அச்சிடச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து வேண்டாமென்கிற வீடு, அவளை நேரில் கண்டபின்பும் வேண்டாமென்றே சொல்லியிருக்கும்.