நாயின் ஆயுளும் கைபேசியின் ஆயுளும்

வேளாவேளைக்குச் சோறும் காலாகாலத்தில் தடுப்பூசியும் கிடைத்தால் ஒரு நாட்டு நாய் 12, 14 ஆண்டுகள் வாழும். ஒரு கைபேசி நம் கையில் 3, 4 ஆண்டுகள் தங்கினாலே பெரிது. குட்டியாக வந்த நாய் கிழமாவதற்குள் அந்த வீட்டில் போன்கள் நான்கு மாறிவிடுகின்றன. கம்ப்யூட்டரும் ஒன்றுக்கு இரண்டாக மாறிவிடுகிறது. ஆனால் அந்த நாயின் வாழ்க்கை முழுவதையும் நாம் இந்தப் பொருள்களுக்குள்தான் போட்டு வைக்கிறோம். எங்கள் நாய் மணிக்கு மூக்கைச் சுற்றி நரைக்க ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கணக்கு என் மனதை விட்டுப் போகவில்லை.

மணி 2011-ல் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன். கன்னங்கரேலென்ற நாட்டு நாய். குட்டி மணி ஒரு பட்டன் போனில் இருக்கிறான். 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட படங்கள் அவை. நல்ல தரத்தில் அச்சிட்டால் இரண்டு அங்குல அகலத்தை அதிகம் தாண்டாது. அடுத்து வந்த டச் போனின் மெமரி கார்டில் அவனுடைய வாலிப வயது இருக்கிறது. நடு வயது ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது. இப்போது அந்த டிஸ்கைச் செருகினால் உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. சுழலும் தட்டின் மேல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் படிக்கும் முனை போய்ப் போய்த் திரும்புகிற சத்தம் அது. அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் தட்டில் கீறல் விழுந்து மிச்சமும் போய்விடும். தூசி இல்லாத அறையில் வைத்துப் பிரித்து மீட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கூலிக்குப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கலாம். தாமிரபரணியில் வெள்ளம் வடிந்த பிறகு ஈர மணலில் மணி புரண்டு எழுந்த படங்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

கருப்பு நாயைப் படம் எடுப்பது எளிதல்ல. தன் முன்னால் இருப்பது கருப்பா வெள்ளையா என்று கேமராவுக்குத் தெரியாது. வந்து விழுகிற வெளிச்சம் மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடும். சட்டம் முழுக்கக் கருப்பு நாய் நின்றால், இருட்டாக இருக்கிறது போலும் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கரிய ரோமம் வெளிறிச் சாம்பலாகிவிடும். இன்றைய போன்கள் இதில் கொஞ்சம் தேறியிருக்கின்றன என்றாலும், திரையில் அவன் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால்தான் மணி மணியாகத் தெரிகிறான். ஃபிளாஷ் கூடவே கூடாது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அரை இருட்டில் அதற்குப் பார்வை கொடுப்பது அந்தப் படலம்தான். ஃபிளாஷ் பட்டால் அது பச்சையாக எரியும். படத்தில் நம் நாய் இருக்காது, ஏதோ ஒரு காட்டு மிருகம் இருக்கும். காலையில் ஜன்னலோரம், தரையில் நாமும் குப்புறப் படுத்து, அவன் கண் மட்டத்தில் கேமராவைப் பிடிக்க வேண்டும். நின்றபடி எடுத்த படத்தில் நாயின் முதுகு வருகிறது. படுத்து எடுத்த படத்தில்தான் அதன் முகம் வருகிறது. இந்தப் படங்களின் மேல் எனக்கு இவ்வளவு பற்று வந்ததற்கு, தரையில் படுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலை நேரங்களும் ஒரு காரணம்.

மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பள்ளிக்கூடப் பதிவேடு இருக்கிறது. செத்த பிறகும் பத்திரத்தில் பெயர் நிற்கும். அத்தை, சித்தப்பா என்று நாலு பேர் அவனைப் பற்றிப் பேசுவார்கள். நாய்க்கு என்ன இருக்கிறது? தடுப்பூசி அட்டை ஒன்று. அதுவும் கால்நடை மருத்துவர் கொடுத்து, நாம் பத்திரமாக வைத்திருந்தால். அது கடிதம் எழுதாது. அதன் கதையைச் சொல்ல அதற்குப் பிள்ளைகள் நம் வீட்டில் இல்லை. அது இப்படி இருந்தது, இந்தத் திண்ணையில் படுத்தது, இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட வேன் வரை கொண்டுபோய் விட்டது என்பதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் படங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதனால் ஒரு வளர்ப்புப் பிராணியின் படத்தைக் காப்பது பொழுதுபோக்கு என்று என்னால் நினைக்க முடியவில்லை. சோறு வைப்பது போல அதுவும் ஒரு கடமை.

டிஜிட்டல் படத்தின் பிறப்பிலேயே இந்த வீட்டுப் பாசம் இருக்கிறது. 1957-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அமைப்பில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ், ஒரு புகைப்படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் கருவியைச் சக ஊழியர்களோடு சேர்ந்து செய்தார். முதலில் ஏற்ற அவர் எடுத்துக்கொண்டது தன் கைக்குழந்தை வால்டனின் படத்தை. 176-க்கு 176 புள்ளிகள், அவ்வளவுதான். செல்போனிலிருந்து முதன்முதலாகப் படம் அனுப்பியவர் என்று சொல்லப்படும் ஃபிலிப் கான் 1997-ல் அனுப்பியதும் அப்போதுதான் பிறந்த தன் மகளின் படம். கிர்ஷின் படத்தை வாங்கிக்கொண்ட ‘சீக்’ என்ற கம்ப்யூட்டர் 1964-ல் ஓய்வு பெற்றுவிட்டது. படம் இன்றும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் அதைப் பிரதி எடுத்தார், அச்சிட்டார், இது இன்ன குழந்தை, இன்ன வருஷம் என்று எழுதி வைத்தார். அதைக் காப்பாற்றியது மனிதர்களின் அந்த அக்கறைதான்.

பிலிம் காலமே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு ரோலுக்கு 36 படம். ஊட்டியில் செய்த ‘இந்து’ பிலிமாக இருந்தாலும் சரி, வெளிநாட்டுப் பிலிமாக இருந்தாலும் சரி, வாங்கவும் காசு, கழுவவும் காசு, பிரிண்ட் போடவும் காசு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போக மிஞ்சிய பிலிமில் நாயை எடுக்க யாருக்கு மனம் வரும்? என் ஆச்சி வீட்டு ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், பந்தல்காலுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளை நாய் நிற்கிறது. அதன் பெயர் இன்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாய்க்கும் பூனைக்கும் வெள்ளாட்டுக்கும் தனியாக ஒரு படம் கிடைத்தது டிஜிட்டல் வந்த பிறகுதான். அது பெரிய காரியம். ஆகவே ‘எதற்கெடுத்தாலும் போனைத் தூக்குகிறார்கள்’ என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

எடுப்பதிலும் விதம் உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தபடி நடந்தவர்களுக்கு, வெறும் கண்ணால் பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்கள் குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு நினைவு மங்கவில்லை. மணியின் இடது காது நுனியில் பழைய சண்டையில் விழுந்த வெட்டு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நெருங்கி ஒரு முறை எடுத்தேன். அந்தப் படத்தைத் திறக்காமலே இப்போதும் அந்தக் காதை என்னால் வரைந்து காட்ட முடியும்.

எடுத்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் திடீரென்று இறந்துபோனார். அவர் போனைத் திறக்கும் பேட்டர்ன் அவருக்கு மட்டுமே தெரியும். காரியம் முடிந்த பிறகு அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். “தம்பி, இதத் தொறந்து மட்டும் குடுங்க. அவங்களும் ஜூலியும் இருக்க போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு” என்றார்கள். ஜூலி அவர்கள் வளர்த்த பொமரேனியன். அதுவும் அதற்கு முந்தின வருஷம் போய்விட்டது. சர்வீஸ் கடையில் சொன்னார்கள்: “தொறக்கலாம் சார், ஆனா உள்ள இருக்கது ஒண்ணும் மிஞ்சாது.” அவர்கள் சொன்னது உண்மை. இன்றைய போன்கள் உள்ளே இருப்பதையெல்லாம் யாரும் படிக்க முடியாத குறியாக மாற்றி வைக்கின்றன. அதை அவிழ்க்கும் சாவி அந்தப் பேட்டர்னோடு பிணைந்திருக்கிறது. திருடன் கையில் போகக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவிக்கும் திருடனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கூகுள் கணக்கு வைத்திருப்பவர், தான் நெடுநாள் எட்டிப் பார்க்காவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெதைக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். 2013 முதல் அந்த வசதி இருக்கிறது. ஆப்பிள் கணக்குக்கு வாரிசு ஒருவரை நியமிக்கும் வசதி 2021-ல் வந்தது. இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கையும் அதிலுள்ள படங்களையும் நீக்கிவிடலாம் என்பது இப்போது கூகுளின் விதி. ஆகவே, உயிரோடு இருக்கும்போதே செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகள் இவை. இறப்பைப் பற்றி வீட்டில் பேசினால் அபசகுனம் என்று நினைக்கும் நாம், இந்தப் பக்கங்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கடைசியில், அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் குடும்பக் குழுவில் எப்போதோ அனுப்பிய படம் ஒன்று அகப்பட்டது. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஜூலி. கை மாறிக் கை மாறி வந்ததில் படம் சுருங்கிப்போயிருந்தது. எடுத்த தேதிக் குறிப்பும் கழன்றுபோயிருந்தது. முருகன்குறிச்சிப் பக்கம் இருக்கும் பழைய ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருக்கும் அண்ணாச்சி பிலிம் காலத்து ஆள். பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்று சொல்லி, சின்ன அளவிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். பிறகு படத்தைத் திருப்பிப் போட்டு ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினார். “பின்னால யாரு, என்ன வருசம், எந்த ஊருன்னு எழுதிருங்க தம்பி. நாயி பேரையும் எழுதுங்க. நாளைக்கு பேரப்பிள்ளைய கேக்கும்லா?”

அவர் சொன்னதையே பெரிய இடத்திலும் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தின் அடிப்படை விதிகளை வடிவமைத்த இருவரில் ஒருவரான விண்ட் செர்ஃப், உயிராக நினைக்கும் படங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று 2015-ல் அறிவுரை சொன்னார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் புகைப்படங்களைத் தேடி எடுத்து, பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் வடிவில் சேர்த்து வைத்தது. காகிதத்திலும் கண்ணாடித் தகட்டிலும் இருந்ததால்தான் அவை நூறு வருஷம் கழித்து ஒருவர் கையில் சிக்கின. பரணில் கிடந்த தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் தெரியும். பரணில் கிடந்த ஹார்டு டிஸ்கை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது.

கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொன்ன முறை நல்ல முறை. நானும் அதைப் பின்பற்றுகிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான படங்களைப் பத்திரமாக வைத்துவிட்டு ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது பிரித்துப் பார்க்க முடியாத குவியலாகத்தான் போய்ச் சேரும். எது முக்கியம் என்று நம்மைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? ஒரே மாதிரி எடுத்த இருபதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பதும் பாசத்தில் சேர்ந்ததுதான்.

மணி இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. அவனுடைய படத்தைத் திரையில் காட்டினால் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்தப் படங்களால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. அவை எங்களுக்காக, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காக.

உங்கள் வீட்டிலும் ஒரு நாயோ பூனையோ இருக்கும். இல்லாவிட்டால் வயதான அப்பா, அம்மா இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போனைத் திறந்து பத்துப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஊரில் மிச்சமிருக்கும் ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பெயரும் வருஷமும் ஊரும் எழுதி, மை காய்ந்த பிறகு ஆல்பத்தில் வையுங்கள். அப்படியே, உங்கள் போனைத் திறக்கும் பேட்டர்னை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.