பொட்டில்லாத வேலி

கடக்காதே என்று சட்டம் சொல்கிற இடத்தில், கடப்பதற்கு வேறு வழி வைக்கப்படாதபோது, கடந்தவன் செய்தது குற்றமா? ஷார்ஜா தொழிற்பேட்டையில் இது வெறும் தத்துவ விசாரமல்ல. அனுமதியில்லாத இடத்தில் றோட்டைக் கடந்தால் 400 திர்ஹம் தண்டம். 2025 மார்ச் 29 முதல் நடைமுறையிலுள்ள போக்குவரத்துச் சட்டப்படி, வேகச் சாலையில் அப்படிக் கடந்து விபத்து நேர்ந்தால் சிறையும் உண்டு.

இங்கு பேட்டைகளுக்குப் பெயரில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கங்கள்தான். லொறி திரும்புவதற்கு வேண்டிய அகலமே தெருவின் அளவுகோல். நடந்து வருகிறவன் கணக்கில் இல்லை. நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடை வாசலில் நின்றால், எதிர்ப்புறத் தொழிலாளர் முகாமில் கொடியில் காயும் சட்டைகளை எண்ணலாம். சோற்றுப் பார்சலோடு முறைப்படி சுற்றிப் போனால் அரை மணித்தியாலம். பலர் ஓடியே கடக்கிறார்கள். எனக்குத் துணிவில்லை. இந்நாட்டில் அகதி என்றொரு வகை கிடையாது. விசாவில் நான் பரிசாரகன், விசா போனால் எதுவுமில்லை.

தூரம் இயற்கையானது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. துபாயில் வாடகை ஏற ஏற ஆட்கள் ஷார்ஜாவுக்கு வந்தார்கள். 2009 இல் ஓடத் தொடங்கிய துபாய் மெற்றோ இன்றுவரை எல்லை தாண்டி வரவில்லை. முகாம்களோ சஜா வரை பாலைக்குள் நீண்டுவிட்டன. நகரம் இப்படி அகலும்போது மிச்சமாவது ஒருவனின் பணம். செலவாவது இன்னொருவனின் நித்திரை. பஸ்ஸில் கழியும் நேரத்துக்குச் சம்பளம் எழுதுகிற முதலாளியை நான் கண்டதில்லை.

எங்கள் ஊரில் வேலிக்குப் பொட்டு வைப்பார்கள். காணி ஒருவருக்கு, அதனூடாகப் போகிற உரித்து அயலுக்கு. உறுதியில் எழுதாத உரித்து அது. இதைச் சொன்னதும் நம்மவர்க்குக் கண் கலங்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பொட்டு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்தவர்களும் நம்மவர்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் முழுவதுமே பொட்டில்லாத வளவாயிற்று.

ஆகவே ஊரை உயர்த்துவது என் நோக்கமல்ல. பாதை போடுகிறவனுக்கு ஒரு கடன் உண்டு என்கிறேன்: குறுக்கே போகவேண்டியவனை முதலில் கேட்பது. சட்டத்தை மீறு என்றும் சொல்லமாட்டேன். காரோட்டுகிறவன் ஏன் ஒரு பிணத்தை மனதில் சுமக்கவேண்டும்? ஆனால் தண்டச்சீட்டில் நடந்தவனின் பெயர் மட்டும் எழுதப்படுவது எனக்கு ஒப்பவில்லை. சில இடங்களில் நடைமேம்பாலங்கள் வந்திருக்கின்றன. எங்கள் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை.