ஆறுதல் சொல்லாத சங்கீதம்

(திருமங்கலத்தில் லெந்து காலக் கூடுகையில் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்)



88-ஆம் சங்கீதத்தை நாம் ஆராதனையில் அதிகம் வாசிப்பதில்லை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாக மாறிவிடும். இது இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அந்தப் பக்தன் தேவனிடமே நின்று வழக்காடுகிறான், வேறெங்கும் போகவில்லை. நம்பிக்கை வற்றிய மனமும் ஜெபிக்கலாம் என்பதற்கு வேதமே சாட்சி.

இந்த இருளை மூடி மறைக்காமல் பேசியவர்கள் நம் காலத்திலும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் என்றதும் நமக்கு அவர் கண்ட கனவுதான் ஞாபகம் வரும். ஆனால் 1968 ஏப்ரல் 4, அவர் சுடப்பட்ட நாளில், அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்குத் தலைப்புச் சொல்லியிருந்தார்: அமெரிக்கா ஏன் நரகத்துக்குப் போகக்கூடும்! கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011-இல் வந்த நூலில், கறுப்பர்களைத் தொங்கவிட்டுக் கொன்ற மரத்தைச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

நம் ஜில்லாவில் அந்த மரம் எங்கே நிற்கிறது? மேலூர்ப் பக்கம், மேலவளவில். தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு வென்றார் முருகேசன். அவரையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. கொல்லப்பட்டவர்களின் வீட்டுப் பெண்களிடம் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல எந்தச் சபை ஐயருக்கும் உரிமை கிடையாது. எனக்கும்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியிலும் இதே ஒதுக்கீடுதான் இருந்தது. ஒன்று, தேர்தலே நடக்காது. நடந்தால், ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். பத்து வருஷம் இப்படியே ஓடி, 2006-இல்தான் தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். மேலவளவில் நடந்ததை அறிந்தும் இடையில் வேட்புமனு போட்டவர்கள் உண்டு. ஜெயிப்போம் என்ற கணக்கில் அவர்கள் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. விட்டுக்கொடுக்க மனம் வராமல் போட்டார்கள். விசுவாசம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். பெத்தவரிடம் அந்தச் சங்கீதக்காரனைப் போலக் கோபித்துக்கொள்ளலாம், சண்டையும் போடலாம். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை அவர் நற்செய்தியாகவே போதித்தார். நம் சபைகளிலோ, திருவிருந்தில் ஒரே பாத்திரம். கல்யாணப் பேச்சு வந்தால் சாதி.

பெரிய வெள்ளியன்று மேலவளவில் விழுந்த அறுவரையும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஈஸ்டர் அன்று ஒரே உலை வையுங்கள். போன வருஷம் யாரும் அழைக்காத தெருவுக்கு நீங்களே நேரில் போய்ச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.