பொய்ச்சான்றும் பரிந்துரைக் கடிதமும்

பங்கு இல்லத்தின் மேசைக்கு வந்து சேரும் தாள்களைக் கொண்டே ஓர் ஊரின் வரலாற்றை எழுதிவிடலாம். திருமுழுக்குச் சான்று கேட்டு வருவோர், திருமண ஓலை வாசிக்கச் சொல்லி வருவோர், வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்படுமுன் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டி வருவோர் என்று முன்பெல்லாம் மூன்று நான்கு வகையினரே இருந்தனர். அண்மை ஆண்டுகளில் புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கான பரிந்துரைக் கடிதமே அது. 2023-24 கல்வியாண்டில் அந்நாட்டில் படித்துக்கொண்டும், படிப்பு முடித்துப் பயிற்சிப் பணியிலும் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவ்வாண்டில் சீன மாணவர்களையும் விஞ்சி நம்மவரே முதலிடம் பெற்றனர். அந்த வெள்ளத்தின் ஒரு துளி கடலோரத்திலுள்ள எங்கள் சிற்றூரையும் நனைத்ததில் வியப்பில்லை.

2023 டிசம்பரில், திருவருகைக் காலத்து மாலை ஒன்றில், நான் தாளாளராக இருக்கும் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையோடு வந்தாள். மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பம். பிள்ளை கணக்கில் சூட்டிகையானவள். ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் செலவாகும் கல்லூரிகளுள், அயல்நாட்டு மாணவரின் குடும்ப வருவாயைப் பாராமல் சேர்க்கையை முடிவு செய்து, தேவைப்படும் தொகை முழுவதையும் தாமே ஏற்கும் நிறுவனங்கள் சில உள்ளன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை அவ்வகையின. இந்தச் செய்தியை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வலை பின்னும் கைகளுக்கு எட்டக்கூடிய ஒரே கதவு அதுதான் என்பதை அவளும் புரிந்துகொண்டிருந்தாள்.

கையில் தட்டச்சுச் செய்யப்பட்ட கடிதம் ஒன்று இருந்தது. கீழே என் பெயர், என் பதவி, கையொப்பத்திற்கு ஓரிடம். நான் அதை ஒப்பமிட்டுக் கணினி வழியே அனுப்பிவிட்டால் போதுமாம். நகரத்து ஆலோசனை நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்தது அது. "மீனவச் சிறாருக்கான எழுத்தறிவு இயக்கத்தைத் தன் பதினான்காம் வயதில் நிறுவி, 120 குழந்தைகளுக்குக் கல்வி புகட்டியவர்" என்று என் வாயால் அது பேசியது. எங்கள் பங்கில் மாலை வகுப்பு நடப்பது உண்மை. நடத்துகிறவர்கள் அருட்சகோதரிகள். இவள் ஒரு கோடை விடுமுறையில் அங்கே வந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள்.

"சாமி, எல்லாரும் இப்படித்தான் குடுக்குறாங்களாம். பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும்" என்றார் தந்தை. பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பங்கில் இருந்தபோது, இத்தகைய கடிதம் ஒன்றில் நான் ஒப்பமிட்டிருக்கிறேன். ஓராண்டுகூடப் பழகாத இளைஞனை நான்கு ஆண்டுகளாக அறிவேன் என்று அதில் இருந்தது. அவர் இன்று டெக்சாஸில் நல்ல நிலையில் இருக்கிறார். அந்தப் பங்கின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நன்கொடை அனுப்புகிறார். எந்தத் தீங்கும் நேர்ந்துவிடவில்லை. ஆகவே கல்லெறியும் உரிமை எனக்கு இருந்ததாக நான் எண்ணவில்லை.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஆசிரியர் சொல்வதை நாம் பொய் என்று கருதுவதில்லை. அதை ஒரு சடங்காகவே கொள்கிறோம். நூறு மாணவர்க்கு ஓர் ஆசிரியர் உள்ள இடத்தில், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதத் தயங்கும் நல்லாசிரியர் வேறென்ன செய்வார் என்றும் கேட்கலாம். ஆனால் கடிதத்தைப் பெறுகிறவர் அதை எப்படி வாசிக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கல்லூரியில் சேர்ந்த மாணவன் தன்னைப் பற்றிய பதிவுகளைப் பார்க்கும் உரிமையை அவனுக்கு வழங்குகிறது. விண்ணப்பப் படிவமோ, பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க இசைகிறாயா என்று அவனைக் கேட்கிறது. ஏறக்குறைய எல்லா மாணவரும் இசைந்துவிடுகின்றனர். ஏனெனில், மாணவன் காணமாட்டான் என்னும் துணிவில் ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்று நம்பியே அக்கடிதம் அங்கே படிக்கப்படுகிறது. அம்மாணவனே அதை எழுதியிருந்தால், சாட்சிக் கூண்டில் நிற்பவர் வேறொருவர் என்று நீதிபதியை நம்பவைத்த கதையாகிறது.

எட்டாம் கட்டளை பொதுவாகப் பொய்யை விலக்குகிறது என்றே மறைக்கல்வியில் படித்தோம். விடுதலைப் பயண நூலில் அக்கட்டளையின் சொற்களை உற்று நோக்கினால், அவை வழக்கு மன்றத்திற்குரியவை என்பது விளங்கும். பிறனுக்கு எதிராகச் சொல்லப்படும் பொய்ச்சான்றே அங்கு முதலில் கருதப்படுகிறது. தனக்காகச் சொல்லும் பொய்யைவிட, தன் சொல்லை நம்பி வேறொருவர் தீர்ப்பிடும் இடத்தில் சொல்லும் பொய் கனமானது. பரிந்துரைக் கடிதம் அத்தகைய இடத்தில்தான் நிற்கிறது.

"பிறனுக்கு எதிராக" என்றால் இங்கே பிறன் யார்? ஒரு பிள்ளை முன்னேறுவதில் யாருக்கு என்ன இழப்பு? புனித தோமா அக்குவினார் பொய்யை மூவகையாகப் பிரிக்கிறார்: தீங்கு செய்யும் பொய், உதவும் நோக்கில் சொல்லும் பொய், வேடிக்கைப் பொய். உதவும் பொய்யும் பாவமே. ஆயினும் அது தன்னளவில் சாவான பாவமாகாது என்பது அவர் முடிவு. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டு என்று வள்ளுவர் இன்னும் ஒரு படி இரங்கி வருகிறார். என் மேசைமீதிருந்த கடிதம் இந்த உதவும் வகையைச் சேர்ந்தது என்றே எவரும் சொல்வர். நானும் அன்றிரவு அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் முழுச் செலவையும் ஏற்கும் இடங்கள் மிகச் சில. அவற்றை நாடி ஒடிசாவிலோ, கென்யாவிலோ, பெரு நாட்டிலோ ஓர் ஏழைப் பிள்ளை விண்ணப்பித்திருக்கும். அப்பிள்ளையின் ஆசிரியர் உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பார். அந்த முகத்தை நாம் காணப்போவதில்லை என்பதால் அது இல்லாமற் போய்விடுமா? அந்த ஏழைப் பிள்ளையை எண்ணும்போது, உதவும் பொய் என்று நான் நினைத்தது தீங்கு செய்யும் பொய்யின் பக்கம் நகரத் தொடங்குகிறது.

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கக் கடிதங்களில் புகழ்ச்சி வீங்கிக் கிடக்கிறது. ஆசிரியருக்கான படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: சராசரிக்குக் கீழ், சராசரி, நன்று, மிக நன்று, முதல் 10 விழுக்காடு, முதல் 5 விழுக்காடு, என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிலருள் ஒருவர். எல்லாரும் கடைசி இரண்டு கட்டங்களையே நாடும்போது, "நன்று" என்று நேர்மையாகக் குறிக்கும் ஆசிரியர், மாணவனைப் பழித்ததாகவே பொருள் கொள்ளப்படும். அப்படியானால் உண்மை சொன்னவரே பொய்யான எண்ணத்தை உண்டாக்கியவர் ஆகிறார் அன்றோ? இதை நான் ஏற்கிறேன். மனுவின் அடியில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று எழுதுகிறவர் உண்மையில் கீழ்ப்படிகிறாரா என்று எவரும் ஆராய்வதில்லை. புகழ்ச்சொல்லுக்கு அந்த ஊர்ச் சந்தையில் என்ன விலையோ அந்த விலையிலேயே அதைச் செலவிடலாம். ஆனால் நிகழ்ச்சிக்குச் சந்தை விலை கிடையாது. 120 குழந்தைகள் என்றால் 120 குழந்தைகள்தாம்; இயக்கத்தை நிறுவினாள் என்றால் நிறுவியிருக்க வேண்டும்.

இவ்வகையில் நம்மவர் மட்டுமே தவறிழைக்கின்றனர் என்று எவரும் எண்ண வேண்டாம். 2019இல் அமெரிக்காவிலேயே செல்வந்தப் பெற்றோர் பலர், தேர்வு மதிப்பெண்ணைத் திருத்தவும், விளையாடாத பிள்ளையை விளையாட்டு வீரராகக் காட்டவும் பணம் கொடுத்த வழக்கு வெளிவந்தது. தொடக்கத்திலேயே 50 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. வறியவர் செய்தால் மோசடி, வசதியுள்ளவர் செய்தால் வழிகாட்டுதல் என்று பெயர் மாறுவதும் உண்டு.

புனித அகுஸ்தீனாரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எவருக்கும் தீங்கின்றி ஒருவருக்கு நன்மை தரும் பொய்யைக்கூட அனுமதிக்காதவர் அவர். பொய்யைக் குறித்து இரண்டு நூல்கள் எழுதினார். அப்படிப்பட்டவர் மேல்நாடு சென்ற கதை நம் பிள்ளைகளின் கதையைப் போன்றதே. வசதிக்கு மீறிச் செலவிட்டு மகனைக் கார்த்தேஜுக்குப் படிக்க அனுப்ப முனைந்தார் அவர் தந்தை. 383இல் நல்ல மாணவர்களைத் தேடி உரோமைக்குக் கப்பலேற அகுஸ்தீனார் முடிவு செய்தபோது, தாய் மோனிக்கா அவரை விடவில்லை. நண்பன் ஒருவனை வழியனுப்பப் போவதாகத் தாயிடம் பொய் சொல்லி, புனித சிப்பிரியான் நினைவாலயத்தில் அவர் செபித்துக்கொண்டிருந்த இரவிலே கப்பலேறிவிட்டார். அடுத்த ஆண்டு மிலான் நகரின் நாவன்மை ஆசிரியர் பதவி கிடைத்ததும் பரிந்துரையால்தான். அவர் நம்பிக்கை இழந்துகொண்டிருந்த மானிக்கேயக் கூட்டத்தாரே அவருக்காகப் பரிந்து பேசினர். உரோமை ஆளுநர் சிம்மாக்கு அவரைப் பேசவைத்துச் சோதித்து அனுப்பினார். அந்த மிலானில்தான் அவர் புனித அம்புரோசைக் கண்டார். பொய்யில் தொடங்கிய பயணத்தையும் இறைவன் பயன்படுத்திக்கொண்டார் என்பதை 'அறிக்கைகள்' நூலில் நன்றியோடு எழுதுகிறார். ஆனால் அதைக் காட்டி அப்பொய்யை நியாயப்படுத்தவில்லை. அருளின் பெருமை வேறு, செயலின் தன்மை வேறு என்று பிரித்துக் காண அவரால் முடிந்தது. டெக்சாஸ் நன்கொடையை எண்ணும்போது எனக்கு அவ்வளவு எளிதாகப் பிரிக்க வருவதில்லை.

2024இல் பென்சில்வேனியா மாநிலத்தில் இந்திய மாணவர் ஒருவர்மீது நடந்த வழக்கு இதைவிட வருத்தம் தருவது. போலி மதிப்பெண் பட்டியலோடு, உயிரோடிருக்கும் தந்தை இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழும் காட்டி அவர் உதவித்தொகை பெற்றிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடு திரும்பினார். துயரம் உள்ள பிள்ளைக்கே கதவு திறக்கும் என்று நம்பியவர், துயரத்தைத் தாமே செய்துகொண்டார். 650 சொற்களுக்குள் தன் வாழ்வைக் கட்டுரையாக்கு என்று பதினேழு வயதுப் பிள்ளையைக் கேட்கும்போது, சொல்லத்தக்க காயம் தனக்கு இல்லையே என்று அது ஏங்கத் தொடங்குகிறது. அகுஸ்தீனார் தம் வாழ்வை எழுதியது எல்லாம் அறிந்த இறைவன் முன்னிலையில். சேர்க்கைக் குழுவின் முன்னிலையில் அன்று.

விசா நேர்காணலைக் குறித்தும் என்னிடம் கேட்பவர் உண்டு. சென்னைத் துணைத் தூதரகத்தின் சன்னலுக்கு முன் நிற்கும் மாணவன், அங்கேயே குடியேறும் எண்ணமுடையவன் என்றுதான் அமெரிக்கச் சட்டம் முதலில் கொள்கிறது. அப்படியன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவனுடையது. அதே நாட்டு விதிகள், படிப்பு முடிந்தபின் ஓராண்டும், அறிவியல் தொழில்நுட்பப் பாடமானால் மேலும் 24 மாதங்களும் அங்கே பணிசெய்ய வழி வகுத்துள்ளன. திரும்பி வருவாயா என்ற கேள்விக்கு இருபத்திரண்டு வயது மனம் எதைச் சொல்லும்? இன்று திரும்பும் எண்ணம் உள்ளவன் நாளை மாறக்கூடும் என்பதால் இன்றைய சொல் பொய்யாகிவிடாது. ஆனால் கடனாக வாங்கிய பணத்தைச் சில நாள் வங்கிக் கணக்கில் வைத்துத் தன் பணமென்று காட்டுவது எண்ணத்தைப் பற்றிய ஐயமன்று, நிகழ்ச்சியைப் பற்றிய பொய். மனத்திற்குள் ஒரு சொல்லை ஒளித்துக்கொண்டு வாயால் வேறொன்று சொல்லலாம் என்ற வாதத்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679லேயே கண்டித்துவிட்டார்.

என் மேசைக்குத் திரும்புகிறேன். அக்கடிதத்தில் நான் ஒப்பமிடவில்லை. நானே எழுதுகிறேன் என்றேன். எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தன் தாயின் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதி வந்தாள். ஒருமுறை 1,340 ரூபாய் இடித்தது. இரண்டு வாரம் வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவர் சிட்டையையும் ஒத்துப்பார்த்து, பிழை தன் தாயின் தவணையில்தான் என்று கண்டு, அதைக் குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசித்தாள். தாய்க்கு அன்று முகம் சிறுத்துப் போயிற்று. அதை எழுதினேன். கோடை விடுமுறையில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததையும் எழுதினேன். கட்டத்தில், மிகச் சிலருள் ஒருவர் என்பதைக் குறித்தேன். அதில் எனக்கு ஐயமில்லை.

மார்ச் இறுதியில் முடிவுகள் வந்தன. முழு உதவி தரும் கல்லூரிகள் எல்லாம் மறுத்துவிட்டன. வேறொரு கல்லூரி இடம் தந்தது. ஆனால் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் குடும்பமே கட்ட வேண்டியிருந்தது. அவள் போகவில்லை. இப்போது அருகிலுள்ள நகரக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் படிக்கிறாள்.

அக்கல்லூரிகள் விண்ணப்பிப்போருள் மிகச் சிலரையே ஏற்கின்றன என்பதை அறிவேன். எந்தக் கடிதமானாலும் அவள் மறுக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் இரவில் அக்கேள்வி வந்துவிடுகிறது. எனக்குப் பங்கு இல்லம் உண்டு, மறைமாவட்டம் உண்டு, மூன்று வேளை உணவு உண்டு. என் மனச்சான்றைத் தூய்மையாக வைத்துக்கொள்ள எனக்கு ஒரு பைசா செலவில்லை. விலை கொடுத்திருந்தால் கொடுத்தவள் அவள்தான். அறநெறி இறையியலை ஐந்தாண்டு கற்றபோது இந்தக் கணக்கை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் ஒப்பமிட மாட்டேன். ஆனால் அதைச் சொல்லும்போது முன்போலக் குரலை உயர்த்த எனக்கு மனம் வருவதில்லை.

சென்ற உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபோது அவள் தந்தை ஓரமாக நின்றிருந்தார். "சாமி, அன்னைக்கு அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா பிள்ளை போயிருப்பாளா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரியவில்லை என்றேன். சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த ஆண்டு அவள் மேற்படிப்புக்கு மறுபடியும் எழுதிப் போடப் போகிறாளாம், கடிதம் கேட்டு வருவாள், எழுதிக் கொடுங்கள் சாமி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.